அண்ணி வைத்த குமாஸ்தா

எங்கள் அண்ணிக்குக் குறை சொல்லாமல் ஒரு நாள் போகாது. நாத்தனார் பேச்சு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம், அண்ணியே ஒப்புக்கொள்வார். லிஃப்ட் பொத்தானை இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தால் கட்டட நிர்வாகிக்குப் போன் போகும். பேருந்து இருக்கையில் ஒரு திருகு ஆடினால், அவர் இறங்குவதற்குள் புகார் பதிவாகியிருக்கும். புது ஃபிரிட்ஜின் உள்விளக்கு மஞ்சளாக எரிகிறது என்று கம்பெனி ஆளை வீட்டுக்கே வரவழைத்தார். அந்த மனிதர் பார்த்துவிட்டு, "மேடம், எல்லா ஃபிரிட்ஜிலயும் இப்படித்தான் இருக்கும்" என்றார். "அப்ப எல்லா ஃபிரிட்ஜிலயும் தப்புன்னு எழுதிக்கோங்க" என்று அண்ணி சொன்னதும் அவர் பேனாவைத் தேடியதை நான் கண்ணால் பார்த்தேன். வீட்டில் அண்ணிக்கு நான் வைத்த பெயர் புகார்ப் பெட்டி. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவேன், சிரித்துக்கொள்வார்.

அண்ணிக்கு வேலை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஊசி குத்துகிற வேலை இல்லை, கம்ப்யூட்டர் வேலை. இயந்திரம் கண்டுபிடித்த முடிவு அந்தந்த நோயாளியின் போனுக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். அதற்காக ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருளோடு பேச வைக்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளும் இதற்கென்று ஒரு சன்னல் வைத்திருக்குமாம். கேட்க வேண்டிய முறையில் கேட்டால் அந்தச் சன்னல் வழியாகப் பதில் வரும். இந்தத் துறைக்காரர்கள் அதை ஏபிஐ என்கிறார்கள். மற்றவர்கள் வீட்டில் மாமியார் மருமகள் பேச்சு ஓடுகிற மாதிரி, எங்கள் வீட்டில் அண்ணி ஏபிஐ பற்றிப் பேசுவார். நான் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் விற்கிறவள், எனக்கு என்ன புரியும்? தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவேன்.

என் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போனது. தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள், அது அவருக்கு ஒத்துவரவில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் கார் ஓடும்போது யார் படிப்பது? பல நாட்கள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தே இருந்தார்.

அப்புறம்தான் அண்ணி அந்த ஆப்பைக் கண்டுபிடித்தார். திரையில் பெரிய பெரிய கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு வாக்கியம். தொட்டால் போன் அதைச் சத்தமாகச் சொல்லும். காலிக் கட்டத்தில் அப்போதைக்கு வேண்டியதை எழுதியும் தொடலாம். பேச முடியாதவர்களுக்காகப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து, சும்மா ஆர்வத்தில், இலவசமாகச் செய்வது. அதன் நிரலை, அதாவது உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். அதில் தமிழ்க் குரல் ஒன்று இருந்தது. செய்தி வாசிக்கிறவரைப் போல அழுத்தந்திருத்தமான ஆண் குரல். அண்ணன் போனை டாஷ்போர்டில் மாட்டினார். "கிளட்ச்சை மெதுவா விடுங்க", "கண்ணாடியைப் பாருங்க", "நல்லா ஓட்டுறீங்க, இப்படியே போங்க" என்று கட்டம் கட்டமாக எழுதி வைத்தார். நடுவில் சிவப்பாக, எல்லாவற்றையும் விடப் பெரிதாக, "பிரேக்!" வேலைக்குத் திரும்பினார், முகத்தில் பழைய களை வந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு பல் டாக்டர் அம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் "நல்லா ஓட்டுறீங்க, இப்படியே போங்க" கட்டத்தைத் தொட்டார். போன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்னால் ஒரு வேன் ரிவர்ஸில் வந்தது. அண்ணன் சிவப்புக் கட்டத்தை ஓங்கிக் குத்தினார். போன் நிதானமாக மறுபடியும், "நல்லா ஓட்டுறீங்க, இப்படியே போங்க" என்றது. பாராட்டைக் கேட்ட டாக்டர் அம்மா குஷியாகி ஆக்சிலேட்டரை மிதித்தார். பயிற்சிக் காரில் அண்ணன் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, அதைப் பிடித்ததால் வேன் தப்பியது. ஓரத்தில் இருந்த குப்பைத் தொட்டி தப்பவில்லை. வாழைப்பழத் தோலோடு வண்டி திரும்பி வந்தது, டாக்டர் அம்மா திரும்பி வரவில்லை.

பயிற்சிப் பள்ளி முதலாளி கெட்டவர் இல்லை. அண்ணனை உட்கார வைத்துச் சொன்னார்: "உன்னை ஒண்ணும் சொல்லலப்பா. ஆனா இந்தப் போன் இப்படிக் காலை வாருனா நான் எந்த நம்பிக்கையில ஆளை ஏத்தி அனுப்புறது? அது சரியாகட்டும், வண்டிக்கு வா. அதுவரைக்கும் ஆபீஸைப் பாரு. அடுத்த பேட்ச் தொடங்குறதுக்குள்ள சரியாகலைன்னா, வேற ஆளைத்தான் போடணும்." அண்ணன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பங்களில் முத்திரை குத்த ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அண்ணி சும்மா விடுவாரா? அந்த ஆப்பைப் பயன்படுத்தும் தமிழ்க்காரர்களுக்கென்று ஒரு சாட் குழு இருந்தது. பேச்சு போனவர்கள், அவர்கள் வீட்டார், எல்லாரும் அதில் இருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் சந்தைக்கடை. அத்தனை பேருக்கும் இதே தொல்லை. ஒரு கறிக்கடைக்காரர் எழுதியிருந்தார்: "அரை கிலோவான்னு கேக்கக் கட்டத்தை அமுக்குனா, முன்னாடி சொன்ன 'எலும்பு வேணுமா'வையே திரும்பச் சொல்லுது. வர்றவங்க எல்லாம் என்னை எலும்புக் கிறுக்கன்னு நினைக்கிறாங்க." ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர், பக்கவாதத்தில் பேச்சு போனவர், இதே குறையை எழுதி எழுதிக் கை சலித்திருந்தார்.

அண்ணி கேட்டார்: "டீச்சர், இதையெல்லாம் எங்க பதிவு பண்ணியிருக்கீங்க?"

"இங்கதான்" என்று பதில் வந்தது.

"இங்க யாரு பாக்குறாங்க?"

"நாங்க எல்லாரும் பாக்குறோமே."

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். ஏனென்றால், அந்த ஆப்பைச் செய்கிறவர்கள் இந்தக் குழுவின் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பொதுக் குறைப்பட்டியல் இருக்கிறது. யார் குறை சொன்னாலும் அதில் ஏறி ஓர் எண் வாங்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வேலை நடக்கும். பட்டியலில் ஏறாத குறை அவர்களைப் பொறுத்தவரை கிடையவே கிடையாது. அது ஒன்றும் திமிர் இல்லை, ஊர் உலகமெல்லாம் இருக்கிற தொண்டர்கள் வேறு எப்படித்தான் வேலை பார்ப்பது?

தமிழ்க் குரல் என்ற தலைப்பில் அண்ணி போய்ப் பார்த்தார். துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரே ஓர் அறிவிப்பு மட்டும் மேலே தொங்கியது. எழுதியவர், குரல்களுக்குப் பொறுப்பான ஒருவர். ஆந்தைப் படத்தை முகமாக வைத்திருந்ததால் எங்களுக்கு அவர் ஆந்தை. ஆந்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: அடுத்த பதிப்பில், பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாமல் பயன்படுத்துவோரும் இல்லாமல் கிடக்கும் குரல்கள் நீக்கப்படும். தமிழில் வெகுநாளாக ஒரு குறைகூட வரவில்லை, யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "என்ன அண்ணி இது அநியாயம்? வாய் கிழிய, சரி, விரல் கிழிய இத்தனை பேர் கத்திக்கிட்டு இருக்காங்க, ஒருத்தரும் இல்லைன்னு எழுதி வச்சிருக்கான்!" என்று குதித்தேன். அண்ணி குதிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குறை தீராவிட்டால் அண்ணன் வேலைதான் போகும். குரலே போய்விட்டால், எங்கள் வீட்டில் அண்ணன் "தண்ணி கொடு" என்று கேட்கிற சத்தம்கூட இருக்காது.

முதலில் அண்ணி நேர்வழியில்தான் போனார். குழுவில் எல்லாரையும் பட்டியலுக்குப் போய் எழுதச் சொன்னார். அங்கே கணக்கு தொடங்க வேண்டும், ஆங்கிலத்தில் எழுத வேண்டும், கடைசியில் நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க டிராஃபிக் லைட் இருக்கும் படங்களையெல்லாம் தொட வேண்டும். கணக்கு டீச்சர் நடுங்குகிற விரலோடு முயன்று முயன்று பார்த்துவிட்டு எழுதினார்: "காலமெல்லாம் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். நான் மனுஷிதான்னு அவங்ககிட்ட நிரூபிக்க முடியலைம்மா."

அதைப் படித்ததும் அண்ணியின் முகம் மாறியது. "இவங்க ஏன் அங்க போகணும்? இவங்க இருக்கிற இடத்துக்கு அதைக் கொண்டு வரேன்" என்றார்.

சாட் குழுவில் தானியங்கி ஒன்றை உட்கார வைப்பது அண்ணியின் திட்டம். பாட் என்பார்களே, அது. யாராவது "குறை" என்று தொடங்கி எழுதினால் அது அந்த வாக்கியத்தை எடுத்து, கூடவே ஆங்கிலத்திலும் மாற்றி, குறைப்பட்டியலின் ஏபிஐ வழியாக உள்ளே சேர்த்துவிடும். எண் வாங்கிக்கொண்டு வந்து குழுவில் சொல்லும். கறிக்கடைக்காரர்தான் அதற்குப் பெயர் வைத்தார்: குமாஸ்தா. சனிக்கிழமை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் அண்ணியின் லேப்டாப் பரந்து கிடந்தது, நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். குமாஸ்தாவுக்கு இரண்டு பாதிகள். ஒரு பாதி குழுவில் காது கொடுத்துக் கேட்டுப் பட்டியலில் எழுதும். இன்னொரு பாதி பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்து, புதிதாக ஏதாவது ஏறினால் குழுவில் அறிவிக்கும்.

ஞாயிறு காலையில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தது. டீச்சர்தான் முதல் ஆள். "குறை: ஒன்றை அமுக்கினால் முந்தையதைச் சொல்கிறது" என்று எழுதினார். அடுத்த நொடியே குமாஸ்தா எண்ணோடு வந்து நின்றது. அண்ணி பட்டியலைத் திறந்து காட்டினார். துடைத்துவிட்டிருந்த இடத்தில் டீச்சரின் வாக்கியம், தமிழிலேயே, கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணி, வாங்க, வெளியில போய் நல்லா சாப்பிடுவோம்" என்று அண்ணனையும் கிளப்பிக்கொண்டு போனேன். அண்ணியின் போனைக்கூடப் பையில் போட்டு வாயைக் கட்டிவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பையைத் திறந்தால், போன் சூடாகி மயங்கிக் கிடக்கிறது.

நடந்தது இதுதான். டீச்சரின் குறை ஏறியதும், அறிவிக்கிற பாதி குழுவில் "குறை பதிவாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறது. கேட்கிற பாதி அதைப் பார்த்து, ஆகா, யாரோ "குறை" என்று தொடங்குகிறாரே என்று அதையும் பட்டியலில் ஏற்றியிருக்கிறது. ஏறியதும் இது அறிவிக்க, அறிவித்ததும் அது ஏற்ற, ஒரே வீட்டு ஆட்கள் என்று இரண்டுக்கும் தெரியவில்லை. நாங்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த நேரமெல்லாம் இரண்டும் மாறி மாறிப் பேசித் தீர்த்திருக்கின்றன. உலகமே பார்க்கிற பட்டியலில் பக்கம் பக்கமாக, "குறை: குறை பதிவாகிவிட்டது: குறை பதிவாகிவிட்டது." குழுவில் கறிக்கடைக்காரர், "அம்மா, குமாஸ்தாவுக்குக் காய்ச்சல்" என்று எழுதியிருந்தார்.

ஆந்தை குமாஸ்தாவை வாசலிலேயே தடுத்துவிட்டார். அது எழுதிய அத்தனையையும், டீச்சரின் நிஜக் குறை உட்பட, குப்பை என்று முத்திரையிட்டு மூடிவிட்டார். கீழே ஒரு வரி: இதுதான் தமிழ்க் குரலைப் பயன்படுத்துவோரின் அடையாளம் என்றால், அதை நீக்குவதில் எனக்கு வருத்தமில்லை.

பதிப்பு வெளியாவதற்கு நாள் நெருங்கிவிட்டது. அண்ணி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விட்டார். ஊரையே ஓட ஓட விரட்டிய மனுஷி குலுங்கிக் குலுங்கி அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இருந்த ஒரு குரலும் என்னால போச்சே, டீச்சர் குறையும் என்னால போச்சே" என்று ஏதேதோ சொல்லி அழுதார்.

அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனைத் தொட்டார். "கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா, எடுத்துட்டு வரவா?" என்று அது கேட்க ஆரம்பித்தது. பாதியிலேயே அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அண்ணன் உடனே இன்னொரு கட்டத்தைத் தொட்டார். "கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா, எடுத்துட்டு வரவா?" மறுபடி தொட்டார். "கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா." அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் மீண்டும் குத்த, போன் விடாமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தது. அழுதுகொண்டிருந்த அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அண்ணனுக்கோ கோபமான கோபம். கையை எடுத்துவிட்டு, போன் முழுசாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் முறைத்தார். பிறகு நிதானமாக அந்த இன்னொரு கட்டத்தைத் தொட்டார்.

"அழணும்னா அழு. ஆனா விட்டுடாதே" என்றது போன்.

அண்ணி தலையைத் தூக்கினார். கண்ணைத் துடைத்தார். "என்னங்க, இப்ப எப்படிச் சரியா சொல்லுச்சு?" என்றார்.

அண்ணன் கையை விரித்தார். "திரும்ப அமுக்குங்க. தண்ணியை அமுக்குங்க. முடியிற வரைக்கும் இருங்க. ம், இப்ப அடுத்ததை அமுக்குங்க." சரியாகச் சொன்னது. "இப்ப முடியறதுக்குள்ள அமுக்குங்க." பழையதையே சொன்னது. அண்ணி எழுந்து நின்றுவிட்டார். ஒரு வாக்கியம் முடிவதற்குள் இன்னொன்றைத் தொட்டால்தான் இந்தக் கோளாறு. அவசரத்தில்தானே ஒருத்தர் அப்படித் தொடுவார்? வேன் வரும்போது யார் பொறுமையாகக் காத்திருந்து பிரேக் என்று சொல்வார்கள்? அதாவது, எப்போது மிகவும் தேவையோ அப்போது மட்டும் பார்த்து அது கைவிட்டிருக்கிறது.

அண்ணி நிரலைத் திறந்தார். மற்ற மொழிக் குரல்களில் எல்லாம், புதியதைத் தொடங்குமுன் பழையதை நிறுத்து என்று ஒரு வரி இருந்தது. தமிழில் அந்த ஒரு வரி இல்லை. எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் விட்டுவிட்டார். "ஒத்தை வரிங்க!" என்று அண்ணி மேசையில் தட்டிய தட்டில் டம்ளர் உருண்டது.

"அப்ப அனுப்பிடுங்க அண்ணி!" என்றேன்.

"தூக்கிப் போடப் போற குரலுக்கு யாரு திருத்தம் வாங்குவாங்க? முதல்ல ஆளு இருக்குன்னு காட்டணும். குமாஸ்தாவைத் திரும்ப உள்ள விடணும்."

அண்ணி ஆந்தைக்கு எழுதினார். சால்ஜாப்பு எதுவும் இல்லை. தவறு என்னுடையது, இரண்டு பாதிகளும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டன, குப்பையை நானே துடைத்துத் தருகிறேன் என்று எழுதினார். இனிமேல் குமாஸ்தா மனிதர் பேச்சைத் தவிர வேறெதற்கும் காது கொடுக்காது. அவசரப்படாமல் இடைவெளி விட்டுத்தான் எழுதும். அதன் பெயருக்குப் பக்கத்தில் பொறுப்பாளி என்று தன் பெயர் இருக்கும் என்றும் சொன்னார். இதையெல்லாம் அன்று மாலைக்குள் செய்தும் முடித்தார். இன்னொரு மாற்றமும் செய்தார், அதில்தான் விஷயமே இருந்தது. ஒரே குறையை எத்தனை பேர் சொன்னாலும் புதிது புதிதாக ஏற்றாமல், "இது ஏற்கெனவே இருக்கிறது, உங்களுக்கும் இப்படி ஆகிறதா?" என்று குமாஸ்தா கேட்கும். "எனக்கும்" என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும், பட்டியலில் அந்தக் குறைக்குக் கீழே ஓர் ஆள் கூடிவிடும்.

மறுநாள் ஆந்தை கதவைத் திறந்தார். பதிப்பு வரும்வரை பார்க்கிறேன் என்று மட்டும் எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

அண்ணி குழுவில் நடந்ததை மறைக்காமல் சொன்னார். குரல் போகப் போகிறது என்பதையும் சொன்னார். பிறகு டீச்சர் தன் குறையை மறுபடி எழுதினார், குமாஸ்தா ஏற்றியது. கறிக்கடைக்காரர், "எனக்கும்" என்றார். ஒரு டாக்சிக்காரரின் மனைவி, "என் வீட்டுக்காரருக்கும்" என்று எழுத, குமாஸ்தாவுக்குப் புரியாமல் போக, அண்ணி அங்கேயே நின்றபடி அதைப் புரிய வைத்தார். பிறகு பிடித்தது பாருங்கள்! எனக்கும். என் மகளுக்கும். எனக்கும், அப்பாவுக்கும். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தவர்களை இழுத்து வந்தார்கள். எங்கெங்கோ கடல் கடந்தெல்லாம் வந்தார்கள். பேச முடியாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்கள் அன்று அடித்த அரட்டையில் என் போனே திக்குமுக்காடியது. கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டே நான் திரையைப் பார்த்து "ஐயோ" என்று கூவ, அவர் பயந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அந்தப் பட்டியலில் எந்தக் குறைக்கு ஆட்கள் அதிகமோ அது மேலே வரும். டீச்சரின் குறை ஒவ்வொரு படியாக ஏறியது. முதலில் தமிழில் முதல் இடம். அப்புறம் மற்ற மொழிகளை ஒவ்வொன்றாகத் தாண்டியது. வெள்ளிக்கிழமை பார்த்தால் மொத்த ஆப்புக்கும் அதுதான் தலைமேல் இருக்கிற குறை! அண்ணி வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் இருந்து கூப்பிட்டு, "ஏய், முதல் இடம், முதல் இடம்!" என்று கத்தியதில், பஸ்ஸில் இருந்தவர்கள் அவர் பிள்ளைதான் ஏதோ பரீட்சையில் ஜெயித்துவிட்டான் என்று நினைத்து வாழ்த்தினார்களாம். வாங்கிக்கொண்டாராம்.

ஆந்தை எழுதினார்: இத்தனை பேர் இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்?

அண்ணி பதில் எழுதினார்: இங்கேயேதான் இருந்தோம். உங்கள் வாசல்தான் எங்களுக்குத் தூரமாக இருந்தது.

அதற்கு ஆந்தை எழுதிய பதிலை அண்ணி எங்களுக்குச் சத்தமாக, இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் அப்படி எழுதியது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள், தமிழ்க் குரலை நீக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், யார்?

"நான்" என்று அண்ணி தட்டிவிட்டார். யோசிக்கவே இல்லை.

"அண்ணி, உங்களுக்கு நேரம் எங்க இருக்கு?" என்றேன்.

"குறை கேக்க எனக்கு எப்படி நேரம் இல்லாம போகும்?" என்றார்.

அந்த ஒற்றை வரியை அனுப்பினார். ஆந்தை திருப்பி அனுப்பினார்: வரி சரி, அது வேலை செய்கிறது என்று சோதிக்கிற பகுதி எங்கே? அண்ணி அதைச் சேர்த்து அனுப்பினார். ஆந்தை மறுபடி திருப்பினார்: ஓரிடத்தில் இடைவெளி விடவில்லை. "எனக்கே குறை சொல்றான் பாரேன்!" என்று அண்ணி முணுமுணுத்தார். ஆனால் முகத்தில் அத்தனை மரியாதை. தனக்கு இணையான ஆளைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் முறை ஆந்தை ஏற்றுக்கொண்டார். புதிய பதிப்பு வந்தது. குரல்களின் வரிசையில் தமிழ் இருந்தது, பொறுப்பாளி என்ற இடத்தில் அண்ணியின் பெயர் இருந்தது. குமாஸ்தாவை எங்களுக்கும் கொடுப்பீர்களா என்று வேறு இரண்டு மொழிக்காரர்கள் கேட்டு எழுதியிருந்தார்கள்.

ஆனால் முதலாளி பேப்பரில் வருவதையே நம்பாத மனிதர். "வண்டியில காட்டு, நான் பின்னாடி உட்கார்றேன்" என்றார். யார் ஓட்டுவது? ஸ்டூடண்ட் யாரையும் தர மாட்டாராம். அண்ணிக்கு ஓட்டத் தெரியாது. கடைசியில் என் தலையில் விழுந்தது. நான் லைசென்ஸ் வாங்கிக் காலம் ஆகிறது, வாங்கியபின் ஸ்டியரிங்கைத் தொட்டதும் இல்லை. பக்கத்தில் அண்ணன், பின்னால் முதலாளியும் அண்ணியும். கிளட்ச்சை மிதித்து வண்டியைக் கிளப்பினேன்.

பெரிய ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடத் தெருவுக்குள் திரும்பினோம். "நல்லா ஓட்டுறீங்க, இப்படியே..." என்று போன் தொடங்கியது. இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. எனக்கு அது கண்ணில் பட்டு மூளைக்குப் போகவே இல்லை.

"பிரேக்!"

செய்தி வாசிப்பவரின் குரல் பாதி வாக்கியத்தை அப்படியே வெட்டிப் போட்டுவிட்டு என் காதில் அறைந்தது. நான் மிதித்தேன். வண்டி நின்றது. பந்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் ஓடி வந்து, பந்தை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு ஒரு டாட்டா காட்டிவிட்டுப் போனாள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். முதலாளி இரண்டு காலாலும் தரையை மிதித்தபடி, முன் சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரிப்பா" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "திங்கட்கிழமை காலையில இருந்து வண்டிக்கு வந்துடு. புது பேட்ச் முழுக்க..."

"முழுக்க எனக்கு வேணாம். பாதி போதும்" என்று அண்ணன் போனைத் தட்டிக் குறுக்கே வெட்டினார்.

முதலாளி வாயைப் பிளந்தார். நான் வண்டியை நகர்த்தினேன். குரல் போனதிலிருந்து அண்ணன் யார் பேச்சிலும் குறுக்கே புகுந்ததில்லை. புக முடிந்ததில்லை. அடுத்தவர் பேசி முடித்து, தன் போன் பேசி முடித்து, அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அண்ணனுக்கு இப்போதுதான் அது உறைத்தது போலிருக்கிறது. விரல் கட்டத்துக்குக் கட்டம் பாய்ந்தது. "கண்ணாடியைப் பாரு. இடது பக்கம். ஏன் இப்படி ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சிருக்க?" ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. முதலாளி தன் பழைய காரின் கதையைத் தொடங்கினார், அண்ணன் அதில் திருத்தம் சொன்னார். பின் சீட்டில் அண்ணி, குமாஸ்தாவை எப்படி உருவாக்கினார் என்று முதலாளிக்குப் பெருமையாக விளக்க ஆரம்பித்தார். "பாத்தீங்களா சார், ஏபிஐங்கிறது ஒரு சன்னல் மாதிரி..."

"அவருக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார் அண்ணன்.

"அந்தச் சன்னல் வழியா நாம..."

"காத்து வருமா?"

"சார், நீங்க கேளுங்க. ஒவ்வொரு குறைக்கும்..."

"சாருக்குப் பசிக்குது."

"ஐயோ, நான் பேசி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டீங்களா!" என்று அண்ணி கத்தினார்.

கத்திய அதே நொடியில் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு இத்தனை காலத்தில், அந்த மனிதரைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அண்ணன் மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. தோள் குலுங்க, சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு போனில் ஒரே ஒரு சொல்லை எழுதித் தொட்டார்.

"மாட்டேன்."

அண்ணி முன் சீட்டின் மேல் சாய்ந்து அவர் தலையைக் கட்டிக்கொண்டார். முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்து மூக்கை உறிஞ்சினார். எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்து ரோடே தெரியவில்லை. பேசாமல் வண்டியை ஓரமாகத் திருப்பி நிறுத்தினேன்.

"இண்டிகேட்டர் போடாம ஓரங்கட்டுறதா? யாரு உனக்கு லைசென்ஸ் கொடுத்தது?" என்றார் அண்ணன்.